அபூதாஹிரின் குத்து

சீனச் சண்டைப் படங்கள் திருகோணமலைக்கு வரிசையாக வரத் தொடங்கிய வருடம்தான் அபூதாஹிர் வீட்டில் குத்தப் பழகினான். துறைமுகத்தில் கப்பல் மூட்டை இறக்கும் கூட்டத்தில் அவனுக்கு வேலை. அந்தக் கூட்டத்துக்கு ஜமால்தீன் கங்காணி. "உன்னை ஆர் ஆம்பிளை எண்டது?" என்று எல்லோருக்கும் கேட்கக் கங்காணி சொல்லுவார். அபூதாஹிர் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுப்பான்.

படத்திலும் ஒருவனை அப்படித்தான் திட்டுவார்கள். சாப்பிடுகிற கோப்பையைக் காலால் தட்டிவிடுவார்கள். ஆனால் அவன் எங்கோ மலைக்குப் போய்ப் பழகிக்கொண்டு திரும்பி வருவான். பிறகு திட்டினவர்கள் ஒவ்வொருத்தராக யன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுவார்கள். தியேட்டரில் மலிவு டிக்கெட் கலரியில் இருந்து கத்திக் கத்தி அபூதாஹிருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

மறுநாள் துறைமுகத்தில் கங்காணி அதே கங்காணிதான். அபூதாஹிரும் அதே சிரிப்புத்தான் சிரித்தான்.

ஆகவே வீட்டில் பழகினான். முதலில் வளவில் நின்ற வாழை. பிறகு குசினிக் கதவு. அதற்குப் பிறகு மனைவி நஜ்முன் நிஸாவைக் கூப்பிட்டுச் சுவரோடு நிற்கச் சொன்னான்.

"அடிக்க மாட்டன். மூக்குக்கு முன்னால நிப்பாட்டுவன். நீ கண்ணைச் சிமிட்டக் கூடாது."

குத்து காற்றோடு வந்து முகத்துக்கு முன்னால் நின்றது. அவள் கண்ணை மூடிவிட்டாள். அவன் ஏசினான். திரும்பவும் நிற்க வைத்தான். வேலை முடிந்து வரும் நாளெல்லாம் இது நடந்தது. கங்காணி கூடுதலாக ஏசிய நாட்களில் அவள் கூடுதல் நேரம் நின்றாள். ஒரு நாள் குத்து நிற்கவில்லை. உதடு கிழிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது.

"நீ அசைஞ்சிட்டாய்," என்றான் அவன். "அசையாட்டி பட்டிருக்காது."

பக்கத்து வீட்டுக் கனகம்மா வேலியால் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை வாய்?" என்று கேட்டாள். கனகம்மாவுக்கு நிஸா ஒளிப்பதில்லை. நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "அக்கா, அந்தப் படத்தில அப்பிடி என்னதான் இருக்கு? எனக்கு அதைப் பாக்கோணும்," என்றாள்.

அவன் வேலைக்குப் போன ஒரு பகலில் இரண்டு பேரும் மெட்னி ஷோவுக்குப் போனார்கள். நிஸா முக்காட்டை இழுத்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் இருந்தாள். திரையில் சீனர் ஆங்கிலம் பேசினார்கள். வாய் மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருந்தது. கனகம்மா சிரித்தாள். நிஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வெறுப்போடுதான் வந்திருந்தாள். இவர்கள்தான் தன் வீட்டுக்குள் வந்து தன் வாயைக் கிழித்தவர்கள் என்ற நினைப்பில் முறைத்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் படத்தில் ஒரு பெண் வந்தாள். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவள். மூன்று தடியர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் பின்வாங்கவில்லை, கத்தவும் இல்லை. முதலாமவன் ஓங்கியதும் சற்றே விலகினாள். அவன் தன் வேகத்திலேயே போய்த் தூணில் மோதினான். நிஸா கதிரை விளிம்புக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் கையைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். கை வருவதற்கு முன்னால் தோள் அசைகிறது.

வெளியே வந்தபோது கனகம்மா, "வயித்தைக் குமட்டுது. ஒரே இரத்தம்," என்றாள்.

"நாளைக்கும் வருவமா அக்கா?" என்று கேட்டாள் நிஸா.

கனகம்மா வரவில்லை. நிஸா தனியே போனாள்.

அந்தக் கிழமையே கங்காணி அபூதாஹிரை ஏதோ சொல்லித் தள்ளியும் விட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவன் தேத்தண்ணியைத் தொடவில்லை. "வந்து நில்லு," என்றான். அவள் போய்ச் சுவரோடு நின்றாள். அன்றைக்கு அவன் நிறுத்தப் போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் அவனுடைய வலது தோளைப் பார்த்தபடி நின்றாள். தோள் இறங்கியது. அவள் விலகினாள். அவனுடைய முழுப் பலமும் சீமெந்துச் சுவரில் போய் இறங்கியது.

அவன் நிலத்தில் குந்திக் கையை மடியில் வைத்துக்கொண்டு அலறினான். நிஸா கிட்டப் போகவில்லை. கனகம்மாவின் புருசன்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு விரல் முறிவு. பிளாஸ்டர் போட்டார்கள்.

செய்தி கேட்டு மாமியார் உம்மு குல்சும் கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்தாள். வாசலிலேயே தொடங்கினாள்.

"புருசன்ட கையை முறிச்சிட்டு நிக்கிறாய் என்ன?"

"நான் முறிக்கல்ல மாமி. சுவர்தான் முறிச்சது."

"நீ படத்துக்குப் போறதை ஊரே சொல்லுது. தனியப் படம் பாக்கப் போற பொம்புளைக்கு வாய் நீளம்தான். அவனிட்ட மாப்புக் கேளு."

நிஸா கிழிந்த உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு ஆர் மாப்புக் கேட்டது?"

"ஆம்பிளைக்குக் கோவம் வரும். நீதான் பொறுக்கணும்."

"அந்தக் கோவத்தைக் கங்காணிட்ட காட்டச் சொல்லுங்க. இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. இனி இதுக்குள்ள நான் ஒருத்தருக்கும் சுவரோட நிக்க மாட்டன்."

அபூதாஹிர் கட்டிலில் இருந்து இதையெல்லாம் கேட்டான். தாயின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நிஸா அலுமாரியைத் திறந்து அவனுடைய சாரன்களையும் சட்டைகளையும் எடுத்துப் பையில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தாள். அவன் இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு தாயோடு போனான்.

துறைமுகத்தில் அவன் வேறு கதை சொன்னான். நாலு கப்பல்காரர்கள் தன்னை வளைத்தார்களாம், நாலு பேரையும் விழுத்தினதில்தான் கை முறிந்ததாம். கூட்டம் அதை நம்பியது. கங்காணி கூட அவனோடு கதைக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்றார். கனகம்மா இதைக் கேள்விப்பட்டு வந்து சொல்லிச் சிரித்தபோது நிஸாவின் முகம் கறுத்தது.

"என்ட வாயைக் கிழிச்சதை மறைச்சு வீரன் ஆகிட்டான் பாத்தீங்களா," என்றாள்.

அடுத்த சண்டைப் படம் வந்த அன்று அவள் பெண்கள் வரிசையில் நின்றாள். ஆண்கள் வரிசையில் அபூதாஹிர், பிளாஸ்டர் கையை உயர்த்தி நாலு பேருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பேச்சு அறுந்தது. "பிறகு என்ன நடந்தது?" என்று ஒருவன் கேட்டான். அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அவனைப் பார்த்தபடியே நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்ததும் கலரி முழுக்கக் கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் அவனுடைய கட்டைக் குரலும் கேட்டது. தன் நெஞ்சு துள்ளுகிற இடத்திலேயே அவனுடைய நெஞ்சும் துள்ளுகிறது என்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழும்பிப் போக மனம் வரவில்லை. முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.