வெண்கட்டி மாடி

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியதுமே, இன்றைக்கும் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப்படாது என்று ஹவ்வா உம்மாவுக்கு விளங்கிவிட்டது. "முத்திரை வரி கூடப் போகுதெண்டு ஒரு கதை, கூடாதெண்டு இன்னொரு கதை. அதவிட, நகரசபையால உங்கட வீட்ட ரெண்டு மாடியெண்டு மதிப்பிட்டிரிக்காங்க," என்றார் அவர்.

காத்தான்குடியில் பெண் பிள்ளைக்கு வீடு எழுதாமல் கலியாணம் இல்லை. மூத்தவள் இர்ஷானாவுக்குக் கீழ் வீடு, இளையவள் நிஸ்றாவுக்கு மேல்மாடி. காணி கையகலம் என்பதால் இந்த ஊரில் மகள்மாரை மேலே மேலேதான் அடுக்க வேண்டும். கட்டாரில் இருக்கும் வாப்பா ஹலீம் அனுப்பிய காசு படிக்கட்டோடும் கம்பி நீட்டிய தூண்களோடும் தீர்ந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அது இரண்டு மாடி வீடு. ஏறிப் பார்த்தால் கொடிக்கயிறும் தண்ணீர்த் தாங்கியும்தான். இல்லாத மாடிக்கும் சேர்த்து வரி கட்டினால் அந்த மாடி இல்லாமலே போய்விடும். நிஸ்றா இதைக் கேட்டுவிட்டு, துவைத்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு மேலே காயப்போடப் போனாள். அதுதான் உம்மாவைச் சுட்டது.

நகரசபை அலுவலகத்தில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பினார்கள். சபை கலைந்து கிடந்த வருசங்களில் ஹவ்வா உம்மா இதற்குப் பழகிப்போயிருந்தார். இப்போது சபை திரும்பக் கூடியிருந்தது; பின்தெருவில் தையல் தைக்கும் ஸில்மியா அதில் உறுப்பினர். "தைக்கிற புள்ள சபையில போய் என்னத்தக் கிழிக்கப் போறா" என்று வாக்குப் போடும் வரிசையில் நின்றே சொன்னவர் ஹவ்வா உம்மா. அந்த வாயோடுதான் இன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனார்.

ஸில்மியா தையலை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். "வரியக் கூட்டுறதும் குறைக்கிறதும் என்ட கையில இல்ல சாச்சி. ஆனா, இல்லாத மாடிய வந்து பாருங்கெண்டு சபையில எழும்பிக் கேக்க ஏலும். அதுக்குத்தானே என்ன அனுப்பின."

"நான் உனக்குப் போடல்ல புள்ள."

"தெரியும். வரிசையில உங்களுக்குப் பின்னால நிண்டது என்ட உம்மாதான்."

ஹவ்வா உம்மாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஸில்மியா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

சபையில் அவள் எழும்பியபோது, காற்றுக்கும் வரியா என்று சிலர் பகிடி பண்ணினார்களாம். அவள் உட்காரவில்லை. வரி கூடுமா என்பதற்கு அங்கேயும் யாரிடமும் விடை இல்லை. ஆனால் அடுத்த கிழமை மதிப்பீட்டு அதிகாரி கோப்போடு வாசலில் வந்து நின்றார்.

ஸில்மியா முன்னே ஏற, அதிகாரி பின்னே ஏறினார். கடைசியாக மூச்சு வாங்க ஏறிய ஹவ்வா உம்மா மேற்படியிலேயே நின்றுவிட்டார். தளத்தைக் கூட்டிப் பெருக்கி, பள்ளிக்கூட வெண்கட்டியால் அறை, அடுப்போடு குசினி, கதவு, ஜன்னல் எல்லாம் கீறி வைத்திருந்தாள் நிஸ்றா. இனி இதற்கும் வரி எழுதிவிடுவான் மனுசன்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"குசினி, சேர். அது ஜன்னல். வாவி தெரியிற பக்கம்," என்றாள் தூணடியில் நின்ற நிஸ்றா.

அதிகாரி தளத்தைச் சுற்றிலும் பார்த்தார். "மாடி ஒண்டும் இல்லியே," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பேனையைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார். அவற்றைக் கோட்டுக்கு வெளியே சோடியாக வைத்துவிட்டு, வெண்கட்டிக் கதவு வழியாக உள்ளே நுழைந்து ஜன்னலடிக்குப் போனார்.