கசந்தவன் பங்காளி

எங்கள் பச்சைமலைக்கு ரத்தம் எடுக்க வந்தவர்தான் என் கல்யாணத்தை முடித்து வைத்தார். பாவம், அது அவருக்கு இன்றுவரை தெரியாது.

எழுபத்தெட்டாம் வருஷம். டாக்டர் காசிநாதன் பெரம்பலூரிலிருந்து அடிவாரம் வரை ஜீப்பில் வந்து, மிச்ச மலையை மூச்சு வாங்க ஏறி வந்தார். மலை ஜனங்களுக்கு என்னென்ன நோய் ரத்த வழியாக வருகிறது, ஊருக்கு ஊர் ரத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சியாம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, மருந்தில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டு ஒன்றைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து வைப்பார். சிலருக்குக் குடலைப் புரட்டும் கசப்பு. சிலருக்கு வெறும் காகிதம்.

முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன் அழகேசன், என் தாய்மாமன் மகன். "ஒன்னுமே இல்லையே சார், வெறுங்காகிதம்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"ஏன் சார், சில பேருக்கு மட்டும் கசக்குது?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர் செல்லப்பன்.

"அது பொறப்புலயே ரத்தத்துல வர்றதுங்க. கசக்கிறவங்க ஒரு வகை, கசக்காதவங்க ஒரு வகை."

டாக்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் மலையில் ஆட்களை இரண்டாகப் பிரித்தால் எங்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஒரே வகை என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. வேறு வகை என்றால் மாமன் மச்சான், பெண் கொடுக்கலாம். கவுண்டர் தொடையைத் தட்டினார்.

"அட, இத்தன நாளா முறை பாக்குறோம்னு விடிய விடிய வம்சக் கதை பேசிக்கிட்டுக் கெடந்தோம். சார் ஒரு காயிதத்துல முடிச்சுட்டாரே! இனிமே இதான் முறை."

"அப்படி இல்லைங்க, அப்படி இல்லைங்க" என்று டாக்டர் கத்திப் பார்த்தார். யார் கேட்டது?

எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. தை மாதம் என்னை அழகேசனுக்குக் கட்டி வைப்பதாக அப்பா வெள்ளைச்சாமி வாக்குக் கொடுத்திருந்தார். உரிமைப் பையனாம், பலாத்தோப்பு இருக்கிறதாம். அவன் மாட்டை அடிக்கிற அடியைப் பார்த்தவள் நான். எனக்கு அரியமுத்துதான் வேண்டும். முறையும் உண்டு, தோப்புதான் இல்லை. அப்பாவிடம் அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது காகிதம் வந்திருக்கிறது. அழகேசனுக்குக் கசக்கவில்லை. எனக்கும் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் வரிசையில் நின்ற புருஷன் பெண்டாட்டிகளுக்கெல்லாம் குலை நடுங்கியது. ஜோடிகளில் கவுண்டரே முதலில் போய் நாக்கை நீட்டினார். "தூ! கசப்பு!" என்று துப்பினார். அடுத்தது அவர் சம்சாரம் ஆண்டாயி. காகிதம் நாக்கில் பட்டதும் கண்ணிரண்டும் கலங்கின. கவுண்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

"பச்சத் தண்ணியாட்டம் இருக்கு சார்" என்றாள்.

அடி என் ஆத்தாளே! அவளைப் பார்த்துத்தான் நான் தைரியம் கொண்டேன். அவளுக்குப் பின்னால் வந்த ஜோடிகளும் அப்படியே. புருஷன் கசக்குது என்றால் பெண்டாட்டி இல்லை என்றாள்.

என் முறை வந்தது. காகிதம் நாக்கில் பட்டதுதான் தாமதம், வேப்பங்கொட்டையை அரைத்து அப்பினது போல ஒரு கசப்பு காதுவரை ஏறியது. அழகேசனின் மாட்டை நினைத்துக்கொண்டேன். விழுங்கினேன். சிரித்தேன்.

"ஒன்னும் தெரியலைங்க சார்."

"அப்ப இவளும் அழகேசனும் ஒரே வகை" என்றார் கவுண்டர். "வெள்ளச்சாமி, கல்யாணப் பேச்ச விட்டுடு. அண்ணன் தங்கச்சி."

அழகேசன் பாய்ந்து வந்தான். "சார், காலைல எனக்குச் சளி. இன்னொரு காயிதம் குடுங்க!"

டாக்டர் சந்தேகப் பிராணி. தகர டப்பாவைத் தொடாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார்.

"ஐயையோ, கசக்குதே! தாங்க முடியலையே!" என்று அழகேசன் தரையில் உட்கார்ந்தே விட்டான்.

"அது மருந்தே போடாத காகிதம்ப்பா" என்றார் டாக்டர். "பொய் சொல்றவங்களுக்குன்னே தனியா வச்சிருக்கேன்." ஊரே கைகொட்டிச் சிரித்தது.

அடுத்து அரியமுத்து. டாக்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. கசக்குதுன்னு சொல்லிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். "ஒன்னுமில்லைங்க" என்றான் அரியமுத்து. பிறகு கை டப்பாவுக்குப் போனது. காகிதம் பட்டதும் அவன் துள்ளினான், துப்பினான், பலாமரத்தைக் கட்டிக்கொண்டு இருமினான். அடப்பாவி, கொஞ்சம் கம்மியாகப் பண்ணக் கூடாதா என்று இருந்தது.

"இவன் வேற வகை" என்றார் கவுண்டர். "தையில பந்தல் சும்மா நிக்கணுமா, வெள்ளச்சாமி?"

அப்பா டாக்டரை ஒரு முறை முறைத்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் ஓடிப்போய் ஓடையில் வாயைக் கொப்பளித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன், "நெசமாவே அம்புட்டுக் கசப்பா உனக்கு?"

"எங்கடி கசந்துச்சு? ரெண்டும் ஒன்னாத்தான் இருந்துச்சு. சார் கை பைக்குப் போச்சா, டப்பாவுக்குப் போச்சான்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

மறு வருஷம் டாக்டர் மறுபடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். "உலகத்துல எங்கயும் இப்படி இல்லைங்க. இந்த ஊர்ல மட்டும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இல்லவே இல்ல. மேலதிகாரிங்க என்னை நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார். கவுண்டர் பெருமையாக மீசையைத் தடவினார்.

எங்களை முதலில் கூப்பிட்டார். தாலி ஏறியாயிற்று, இனி எதற்குப் பொய்? நான் காகிதத்தைத் துப்பி, "கசக்குது சார்" என்றேன். என் வீட்டுக்காரர், "ஒன்னுமில்லைங்க" என்றார்.

டாக்டர் போன வருஷத்து நோட்டைப் புரட்டினார். "போன வருஷம் ரெண்டு பேரும் தலைகீழால்ல சொன்னீங்க! பொறப்புல வர்றது எப்படிம்மா மாறும்?"

வரிசையில் நின்ற ஜோடிகள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டாயி கண்ணைக் காட்டினாள்.

"எங்க மலையில கல்யாணம் ஆனா மாறிடும் சார்" என்றேன்.

டாக்டர் டப்பாவை மூடிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.