மாப்பிள்ளை படுக்கும் இடம்

உத்தமபாளையம் வக்கீல் நூர் முகம்மதுவுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. போலீஸை எதிர்த்து வந்த எந்த வழக்கையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. அவற்றில் தோற்றதற்காக எந்தக் கட்சிக்காரனும் அவரைத் திட்டியதும் இல்லை. "மாமா நல்லாத்தான் பேசுனாக, கோர்ட்டுக்குத்தான் காது மந்தம்" என்று அவரை முறை வைத்தே சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போவார்கள்.

அந்த நம்பிக்கையோடுதான் ஒச்சாண்டியும் வந்து நின்றான்.

ரேகைச் சட்டம் அமலில் இருந்த காலம். ஒச்சாண்டியின் ஊரில் ஓர் ஆணுக்கு மீசை அரும்பினால் போதும், போலீஸார் கைரேகை எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் பொழுது சாய்ந்தால் அவன் ஸ்டேஷன் முற்றத்தில் போய்ப் படுக்க வேண்டும். திருடினானா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சாதியில் பிறந்ததே குற்றம். கல்யாணம், கருமாதி என்றால் ஏட்டு பார்த்து அனுமதிச் சீட்டுக் கொடுக்கலாம். ஏட்டு வைகுண்டராஜ், சீட்டுக்குப் பதிலாக ஒச்சாண்டியின் சண்டைச் சேவலைக் கேட்டார். இவன் மாட்டேன் என்றான். வெள்ளிக்கிழமை கல்யாணம். சீட்டு இல்லாமல் வீட்டில் படுத்தால் ஜெயில்.

"புதுப்பொண்டாட்டி வீட்டுல கெடக்க, நான் அங்கன ஏட்டையா கொறட்டையக் கேட்டுக்கிட்டு கெடக்கணுமா மாமா?"

"விடு மாப்ள. சப் கலெக்டர் முகாம் வர்றாக. ஒரு பிடி பிடிச்சுருவோம்."

பிடித்தார். முகாம் பங்களாவில், கோட்டின் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு, முழங்கினார். "தாலி கட்ட வேண்டிய கை ஸ்டேஷனில் கிடந்தால், வருசநாட்டில் காத்திருக்கும் அந்தப் பெண்ணின் கழுத்துக்கு என்ன பதில்?" தன் பேச்சில் தானே உருகி அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏட்டு தொண்டையைச் செருமினார். "ஐயா, இவுக வழக்கத்துல மாப்பிள்ள தாலி கட்டுறதில்ல. மாப்பிள்ளையோட அக்கா பொண்ணு வீட்டுக்குப் போயித் தாலியக் கட்டி, பொண்ணக் கூட்டியாரும். மாப்பிள்ள ஊரத் தாண்ட வேண்டிய வேலையே இல்ல."

பங்களாவே சிரித்தது. நூர் முகம்மது இவர்களின் கல்யாணங்களுக்குப் போகாதவரல்ல. ஆனால் பந்தி நேரம் பார்த்துப் போய்ப் பழகியவர். தாலியை யார் கட்டினால் என்ன, இலை போட்டால் சரி என்று இருந்துவிட்டார்.

"ஏன்யா, எங்கிட்டச் சொல்ல மாட்டியா?" என்று பல்லைக் கடித்தார்.

"வீட்டுல படுக்கணும்னுதான மாமா நான் சொன்னேன்? தாலிய நீங்களாச் சேத்துக்கிட்டீக!"

மனுவைத் தள்ளிவிட சப் கலெக்டர் பேனாவை எடுத்தார். அப்போது வாசற்படியருகே நின்றிருந்த ஒச்சாண்டியின் அக்கா சங்கிலியம்மாள் முன்னால் வந்தாள்.

"ஏட்டையா சொல்றது நெசம் சாமி. தாலிய நாந்தான் கட்டுவேன். பொழுது சாயப் பொண்ணோட வந்து எறங்குவேன். மாப்பிள்ள இருக்குற எடத்துலதான பொண்ண விடணும்? நேரா ஸ்டேஷனுக்கே கூட்டியாந்துரவா?"

நூர் முகம்மதுவுக்குப் போன உயிர் திரும்பியது.

"ஐயா, அந்த அம்மா கேட்பது நியாயம். மணப்பெண் வந்து இறங்கும் இடமே அவளுக்குப் புகுந்த வீடு. ஆகவே ஆரத்தி எடுக்க ஏட்டு ஓர் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். கூட வரும் உறவுக்கெல்லாம் பந்தி போட வேண்டும். பின்னால் சீர்வரிசையோடு சம்பந்திகள் வருவார்கள். லாக்கப்பை யாருக்கு ஒதுக்குவது என்பதையும்..."

"எங்க பொண்ணு சத்தம் போட்டாத் தூங்காது, ஏட்டையா. கொறட்டைய விட்டுரணும்" என்றாள் சங்கிலியம்மாள்.

சப் கலெக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அது இறங்கியதும் முகம் மாறியிருந்தது. ஏட்டைப் பார்த்தார். "ஏன் சீட்டு மறுத்தீர்?"

"காரணம்னு ஒண்ணும்..."

"சேவலக் குடுத்திருந்தா ஒரு காரணமும் இருந்திருக்காது சாமி" என்றாள் சங்கிலியம்மாள்.

ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. இனி சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் தாசில்தாருக்கு என்று உத்தரவானது. எந்தப் புது மாப்பிள்ளையும் ஒரு மாதம் தன் வீட்டிலேயே படுக்கலாம் என்றும்.

ஒரு மாதம்! நூர் முகம்மது மூன்று நாள்தான் கேட்டிருந்தார்.

மறுவாரம் அவர் வீட்டு வாசலில் கூட்டம். ஊரிலுள்ள கல்யாணமாகாத ஆட்கள் அத்தனை பேரும். பெண்ணும் பார்த்து மனுவும் எழுதித் தரவேண்டுமாம்.

"வக்கீல் தொழிலுதான் ஓடல. தரகாச்சும் ஓடட்டும்" என்றாள் மனைவி லத்திபா.

கூட்டம் கலைந்தபின் நரைமீசைக்காரர் ஒருவர் மட்டும் நின்றார். நல்லகண்ணு. ஒச்சாண்டியின் சித்தப்பா.

"ஒமக்குமா மச்சான்? வீட்டுல தங்கச்சி இருக்காளே?" என்றார் நூர் முகம்மது.

"அவ இருக்கா. கல்யாணமாகிப் பதினெட்டு வருசமாச்சு. அன்னிக்கு ராத்திரியே என்னய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக." தலையைச் சொறிந்தார். "அந்த ஒரு மாசம் எனக்கும் வர வேண்டியதுதான? இப்பக் கேட்டாத் தருவாகளா?"

எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் என்று நூர் முகம்மதுவுக்குத் தெரியாது. பேனாவை மையில் தோய்த்தார்.

"உக்காரும். தங்கச்சி பேரச் சொல்லும்."