கைப்பையில் கிடந்த தொண்ணூறு

என் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று பணிமனையில் எல்லோருக்கும் தெரியும். நான் பேருந்து ஓட்டுகிறேன், அவள் சைக்கிள் ஓட்டுகிறாள். பெருமையடித்துக்கொள்ள எனக்கு வேறு என்ன வேண்டும்?

அன்று சைக்கிள் சங்கத்தின் கூடத்தில் அணித் தேர்வு. நிறுத்திவைத்த சைக்கிளில் இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதை எண்ணுவதற்குப் பெடல் தண்டில் ரப்பர் வளையத்தால் ஒரு சென்சாரைக் கட்டியிருந்தோம். பிஸ்கட் அளவுகூட இருக்காது. அது சொல்லும் எண் ஹேண்டிலில் இருக்கும் சின்னத் திரையில் தெரியும். தெரிய வேண்டும்.

பூஜ்யம்தான் தெரிந்தது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வளையத்தை இறுக்கினேன். திரையை அணைத்துப் போட்டேன். அசைந்து கொடுக்கவில்லை. நான்கு மாதமாக இதே கூத்து, மேடேறினால் ஒரு எண், நினைத்தால் ஒரு எண். இன்று என் மானத்தை வாங்கியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு! நானே என் போன்ல போட்டுப் பாத்தேனே!" என்றேன்.

தேர்வை நடத்திய பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கினார். "அவங்கவங்க கருவியோடதான் வரணும்னு விதி. திரையில எண் இல்லாம நான் என்னம்மா எழுதுறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"நீங்க எழுதுறத எழுதிக்கோங்க சார். நான் மிதிக்கிறேன்," என்று மகள் ஏறி உட்கார்ந்தாள்.

இருபது நிமிடமும் நான் வாயை மூடவில்லை. சென்சாரைத் திட்டினேன், விற்ற கடைக்காரனைத் திட்டினேன், செய்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் பயிற்சியாளர் பேனாவை எடுத்தார். கடைக்காரனுக்கு அனுப்ப அந்தப் பூஜ்யத்தைப் படம் பிடிக்கலாமென்று நான் கைப்பையிலிருந்து போனை எடுத்தேன்.

காலையில் திறந்த ஆப் மூடாமலே ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருபது நிமிடத்துக்கு ஒரே கோடு. தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று, மறுபடியும் தொண்ணூற்று இரண்டு. பாழாய்ப்போன சென்சார் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசுமாம். காலையிலிருந்து அது என் கைப்பையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

என் முகம் செத்துப்போனது. சுற்றிலும் எட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் என் வசவைக் கேட்டவர்கள்.

"தப்பு என்னோடது சார். இன்னைக்கு சென்சார் மேல ஒண்ணுமில்ல," என்று போனை நீட்டினேன்.

அவர் கோட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "திரையில எண்ணைப் பாத்து மிதிக்கிறவங்களுக்கே இவ்வளவு நேரா வராதே. எப்படிம்மா?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா கத்துறது காதுல விழக்கூடாதுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன் சார்."

கூடமே சிரித்தது. அவர் பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினார்.

ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் எண்ணியிருக்கிறாள், ஒன்றைக்கூட விடாமல். மறுநாள் பணிமனையில் இதை மூன்று முறை சொன்னேன். பூஜ்யத்துக்கு யார் காரணம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.