முள் அசையாத தராசு

அறுவடைக்கு முந்தைய வாரம் ஏரிக் கெண்டைகளுக்கு எடை இல்லாமல் போயிற்று. முழங்கை நீள மீனைத் தட்டில் வைத்தும் தராசு முள் அசையவில்லை. மீன்காரியை ஏமாற்றுக்காரி என்று சந்தையே திட்டியது. எடை ஆய்வாளர் வந்து, தன் எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"தராசு சரிதாம்மா. மீனுதான் சரியில்ல. மீனு எங்க இலாகா இல்ல."

"அப்ப தண்ணி யாரு இலாகா?"

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்! ஒரு மீனை அறுத்துப் பார்த்திருந்தால் போதும். தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தோடு மல்லுக்கட்டவே தின்றதெல்லாம் செலவாகி, ஈரலில் சேர்த்துவைத்ததும் கரைந்து, கடைசியில் சொந்தச் சதையையே எரித்து உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன அந்தப் பாவப்பட்ட ஜீவன்கள். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த புண்ணியவானை என்னவென்று சொல்ல!

மீன்காரியின் புருஷனுக்கு வயல்களில் மருந்தடிக்கும் வேலை. கைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்த நாற்றத்தைக் கொண்டுபோகக் கூடாதென்று, தினமும் தெளிப்பானை ஏரியில் அலசி, அங்கேயே குளித்துவிட்டுத்தான் திரும்புவான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். பூச்சிமருந்துக் கடைக்காரரும், "ஏரித் தண்ணியில கரைஞ்சு போயிரும், ஒண்ணும் ஆகாது" என்றிருந்தார். மீன்களுக்கு அடுத்து அவன் முறை வந்தது. பானைச் சோறு தின்றும் பசி அடங்கவில்லை. ஒரு சாயங்காலம் தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கியதும் கால் தரையை விட்டு எழும்பியது. மீன்காரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, வலைக்கயிற்றை இடுப்பில் கட்டினாள்.

மறுநாள் பிள்ளையை இடுப்பிலும் கயிற்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

"உங்க மருந்துதான் இவர இப்படி ஆக்குச்சு. எறக்கிக் குடுங்க."

"ஒழுங்கா சாப்பிடச் சொல்லும்மா," என்றார் கடைக்காரர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றைக் கடை ஷட்டர் கொக்கியில் இறுக்கிக் கட்டினாள். "எறக்குற வரைக்கும் இங்கதான் இருப்பாரு." பிறகு மேலே பார்த்து, "ஏங்க, பயப்படாதீங்க. மத்தியானம் சோறு கொண்டாறேன்" என்றாள்.

பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. சோற்றுத் தூக்கைக் கம்பில் மாட்டி அவள் உயர்த்தும்போது, அதுவும் கையை ஆட்டி "அப்பா, எறங்கு" என்கிறது. மருந்து வாங்க வருகிறவர்கள் கயிறு கழுத்தில் படாமல் குனிந்து உள்ளே போகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால், ஆள் மிதக்கிற கடை என்று சொன்னால் போதும்.