நாணல் மான்

செய்துகொண்டிருந்த நாரையின் கழுத்துக்கு வளைந்த சுள்ளி ஒன்று வேண்டியிருந்தது. மேஜைமேல் கிடந்த குவியலைக் குச்சி கிளறிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக அண்ணி உள்ளே வந்து, கூடையை அப்படியே கவிழ்த்தாள். ஈரமான மரப்பட்டைகள், கூழாங்கற்கள், பாசி ஒட்டிய வேர்த்துண்டுகள், நீர்ப்பறவைகளின் இறகுகள். அறை முழுக்க ஏரி வாசனை பரவியது. “இன்னைக்கு நல்ல வேட்டை” என்று சொல்லிவிட்டு அண்ணி டீ போடப் போய்விட்டாள்.

குச்சிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. சின்ன வயதில் எங்கே போனாலும் கை நிறையச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருவாள். ஆளும் அப்படித்தான் இருப்பாள். அண்ணன் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிற்பாடு அந்தச் சுள்ளிகளே பிழைப்பாகவும் ஆகிவிட்டன. ஓட்டல் வரவேற்பறைகளுக்கும் பல் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளுக்கும் மரப்பட்டையில் ஆமையும் இறகில் மீன்கொத்தியும் செய்து கொடுப்பாள். பல்லைப் பிடுங்கப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவள் ஆமையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

அண்ணனும் அண்ணியும் ஏரிக்கரையில் வீடு கட்டி, மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தார்கள். அண்ணன் காணாமல்போன பிறகு அறைகள் பூட்டியே கிடந்தன. இப்போது மறுபடி திறக்கப்போவதாகவும், ஒவ்வொரு அறைக்கும் ஏரியிலும் காட்டிலும் இருக்கிற ஒரு ஜீவனைச் செய்து தர வேண்டும் என்றும் அண்ணி கேட்டாள். குச்சி உடனே மூட்டை கட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம் வேறு. அண்ணனிடமிருந்து ஒரு நாள் சேதி வந்தால் அது இந்த வீட்டுக்குத்தான் வரும்.

அண்ணன் செத்துப்போனதாக அவள் நம்பவே இல்லை. மழைக்காலத்தில் அண்ணியோடு ஏதோ பெரிய வாய்த்தகராறு. கோபத்தில் படகை எடுத்துக்கொண்டு போனான். படகு அக்கரையில் ஒதுங்கிக் கிடந்தது, ஆளைக் காணோம். ஆள் இறக்கித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவன். சின்ன வயதிலேயே சண்டை போட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிற வீம்புக்காரன். எந்த ஊரிலோ தாடி வளர்த்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று குச்சி முடிவு செய்திருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு ஒரு தடவை எகிறிக் குதிக்கும். அண்ணி இதையெல்லாம் மறுத்துப் பேசியதில்லை. அழுததும் இல்லை. அதுதான் குச்சிக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

வந்த கொஞ்ச நாளிலேயே, செய்து வைத்த உருவங்கள் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன. முதலில் மீன்கொத்தி. பிறகு அணில். கேட்டால், காற்றில் விழுந்து உடைந்துவிட்டது என்றாள் அண்ணி. உடைந்த துண்டுகளைக் காட்டவில்லை. அதே சமயம் கூடையில் ஏரிக்குச் சம்பந்தமில்லாத சாமான்கள் வர ஆரம்பித்தன. ஒரு சட்டைப் பொத்தான். தண்ணீரில் ஊறிப் பஞ்சுபோல் ஆகியிருந்த நீலக் கயிற்றுத் துண்டு. கரை ஒதுங்கும் குப்பை என்று நினைத்து, பொத்தானை ஒரு வாத்துக்குக் கண்ணாக வைத்து ஒட்டினாள் குச்சி. மறுநாள் அந்த வாத்தும் இல்லை.

ஒரு நாள் காலையில் அண்ணி உள்ளங்கையை நீட்டினாள். “ஆந்தைக்குக் கண்ணு வேணும்னியே. இது சரியா இருக்குமா பாரு.”

தடித்த கண்ணாடி வில்லை. குச்சி அதை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். வெளியே மரங்கள் சுருங்கி எங்கேயோ போய் நின்றன. வில்லையின் குறுக்கே மெல்லிய கீறல். அந்தக் கீறலை அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் கூட்டத்தில் அண்ணன் கண்ணாடியைப் படிக்கட்டில் தவறவிட்டது அவள்தான். மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை மன்றாடியும் அவன் மாற்றவில்லை. இந்தக் கோடு வழியாகப் பார்த்தால்தான் உன் அண்ணி கொஞ்சம் சாதுவாகத் தெரிகிறாள் என்பான்.

“இது எங்கே கிடைச்சுது அண்ணி?”

“பாறை மேல.”

“யாரு வெச்சாங்க?”

அண்ணி கூடையைத் தட்டி மண்ணை உதிர்த்தாள். “நான் ஒண்ணு வெச்சா, அதுங்க ஒண்ணு வெக்குதுங்க” என்றாள், பக்கத்து வீட்டோடு பாத்திரம் மாற்றிக்கொள்வதைச் சொல்வதுபோல.

குச்சி ஆந்தையைச் செய்து முடித்தாள். இறகுகள் கோணலாக உட்கார்ந்தன. மறுநாள் விடியும்போது அண்ணி கிளம்பும் சத்தம் கேட்டது. செருப்புப் போடாமல் பின்னாலேயே போனாள்.

தண்ணீரின் மேல் பனிமூட்டம் படுத்திருந்தது. கரையோரம் தட்டையான பாறை. சால்வைக்குள்ளிருந்து ஆந்தையை எடுத்துப் பாறையில் வைத்துவிட்டு அண்ணி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து மான்கள் ஓசையில்லாமல் வந்து நின்றன. நாரை ஒன்று இறங்கியது. தண்ணீரிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நீர்நாயின் தலை எழும்பியது. ஒன்றைக் கண்டு இன்னொன்று மிரளவில்லை. புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள்போல எல்லாம் ஆந்தையையே பார்த்தன. நீர்நாய் பாறையில் ஏறி, ஆந்தையை அலுங்காமல் கவ்விக்கொண்டு மூழ்கியது. ஒரு குமிழிகூட வரவில்லை. திரும்பி வந்தபோது அதன் வாயில் பெல்ட்டின் கொக்கி இருந்தது. அதைப் பாறையில் வைத்தது.

எங்கேயோ தாடியோடு உட்கார்ந்திருந்த அண்ணன் அந்த நிமிடத்தில் இல்லாமல் போனான். அவன் இருந்த ஊரும் போயிற்று. குச்சி தள்ளாடி வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி திரும்பிப் பார்க்காமலேயே இடம் விட்டாள்.

“ஏன் சொல்லல?”

“நீயாவது அவரை உயிரோட வெச்சிருந்தே. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

“அப்போ இப்ப மட்டும் எதுக்கு அந்தக் கண்ணாடியக் குடுத்தீங்க?”

அண்ணி கொக்கியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “சின்னதாக் குடுத்தா சின்னதாத்தான் தருதுங்க. பெருசா ஒண்ணு உன்னாலதான் செய்ய முடியும் குச்சி.”

அன்று மத்தியானமே குச்சி பையில் துணிகளை அடுக்கினாள். இந்த வீட்டில் இருந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று தோன்றியது. ஆனால் அடுத்த தடவை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு குதிக்கப்போவதில்லை, அந்த வெறுமை எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும் என்பது உறைத்தபோது, பையை அப்படியே கட்டிலில் விட்டுவிட்டு நாணல் அறுக்கப் போனாள்.

நிஜ மான் உயரத்துக்கு ஒன்று செய்தாள். மரக்கிளைகளில் எலும்புக்கூடு, அதன்மேல் ஈர நாணலைச் சுற்றிச் சுற்றி உடம்பு. அண்ணி கீற்றுகளைப் பிரித்துக் கொடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். எத்தனையோ உருவம் செய்திருக்கிறாள், எதுவும் இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை. விலாவைக் கட்டி முடித்து உள்ளங்கையை வைத்தபோது வெதுவெதுவென்றிருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், வெயில் அறைக்குள் வந்திருக்கவே இல்லை. கண் வைக்க மனம் வராமல் விட்டுவைத்திருந்தாள். “வழி தெரிய வேணாமா அதுக்கு?” என்று கேட்டு, அண்ணிதான் இரண்டு கருங்கற்களைக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது அண்ணி, “உங்க அண்ணன் இருந்திருந்தா ஒத்த ஆளாத் தூக்கியிருப்பாரு” என்றாள். இருந்திருந்தா என்ற சொல்லை அவள் வாயால் குச்சி கேட்பது அதுவே முதல் தடவை. பாறையில் மானை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்கள்.

விடிந்து போனபோது பாறை வெறுமையாக இருந்தது. ஆனால் கரையை ஒட்டிய நாணல் காட்டில், அகலமான ஏதோ ஒன்று நடந்து போனதுபோலத் தண்டுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, உள்ளே உள்ளே ஒரு பாதை போயிருந்தது. அண்ணி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். குச்சி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படகுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் வந்து, அங்கே ஏற்கெனவே சல்லடை போட்டுத் தேடியாயிற்று என்று முணுமுணுத்தார். ஆனாலும் அந்தப் பாதையில் படகைச் செலுத்தினார். கொஞ்ச தூரத்தில் அவருடைய கழி நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் படகில் வைத்தார்.

அண்ணி அப்போதுதான் அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. தகராறில் தான் கடைசியாகச் சொன்ன வார்த்தையை மறுபடி மறுபடி சொல்லி அழுதாள். குச்சிக்கு அழுகை வரவில்லை. அண்ணியைத் தோளோடு அணைத்து நின்றாள்.

ஆட்கள் வந்து, துணி போர்த்தி, படகை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பனி விலகிய அக்கரையில் மான்கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்கியது. ஒவ்வொன்றாகத் தலை குனிந்தன. ஓரத்தில் நின்ற ஒன்று மட்டும் குனியாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று எழும்பியது. அதன் உடம்பிலிருந்து எழுந்த நாணல் சலசலப்பு, தண்ணீரைக் கடந்து மெல்ல வந்து சேர்ந்தது.