நாற்பத்தொரு வயது டிரைவரும் கேட்காரம்மாவும்

அந்த நீராவி இன்ஜினை ஓட்டிய டிரைவர் இருபத்தைந்து வருடம் நாற்பத்தொரு வயதிலேயே இருந்தார். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை; கட்டான உடம்பு என்றுதான் சொன்னார்கள். ஓய்வு கொடுக்க வந்த அதிகாரி ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிசகு தன்னுடைய காகிதத்தில்தான் என்று முடிவு செய்து அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போனார். கீழ் ஸ்டேஷனிலிருந்து மேட்டு ஸ்டேஷன் வரைக்கும் போகும் அந்தச் சின்னப் பாதைக்கு ஒரே ஒரு இன்ஜின்தான். மேலே போனதும் அதைத் திருப்பி நிறுத்துவதற்காகச் சுழலும் மேடை ஒன்று செய்யச் சொல்லியிருந்தார்கள். அளவெடுக்க வந்தவர்கள் இன்ஜினை மட்டும் அளந்துவிட்டு, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கரி வண்டியை மறந்துவிட்டார்கள். மேடை வந்து இறங்கியபோது இன்ஜின் ஏறியது, கரி வண்டி ஏறவில்லை. மேடைக்காகத் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்று வாத்துகள் குடியேறின. அன்றிலிருந்து இன்ஜின் முகத்தைக் காட்டிக்கொண்டு மேலே போகும், முதுகைக் காட்டிக்கொண்டு கீழே வரும்.

விஷயம் இவ்வளவுதான். முன்னோக்கிப் போகும்போது வண்டியில் இருப்பவர்களுக்கு வயது சற்றுக் கூடும். பின்னோக்கி வரும்போது கூடியது கழிந்து, அன்றைய ஒருநாள் வயதும் சேர்ந்து கழியும். சந்தைக்குப் போய் அன்றே திரும்புகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் சீக்கிரம் தளர்ந்தார்கள், அதற்கு மாமியார்களைத் திட்டினார்கள். கீழே வேலைக்கு வந்து தங்கியவர்கள் பளபளவென்று ஆனார்கள், தண்ணீர் ஒத்துக்கொண்டது என்றார்கள். பாவம் மாமியார்கள், இன்றுவரை ஒருத்தரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. டிரைவர் தினமும் போய் வந்தார், லீவு என்று எடுத்தது மிக அபூர்வம். கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனுக்கும் இதே கதிதான். கல்யாணமாகாதவர் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கண்டுபிடித்தது டிரைவரின் மகன். அவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். அப்பாவுக்கு முடி வெட்டும்போது கண்ணாடியில் பார்த்தால் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருப்பது போலவும், அண்ணன் கத்தரியோடு நிற்பது போலவும் இருந்தது. டிரைவர் கால் சுளுக்கி வீட்டில் கிடந்த வாரத்தில் மட்டும் அவர் காதோரம் ஒரு நரை முளைத்தது. மகனுக்குப் பொறி தட்டியது. மேலே போனவர்கள் தலையையும் கீழே வந்தவர்கள் தலையையும் கொஞ்ச காலம் கவனித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆள் அழகில் அவருக்கு எப்போதுமே ஒரு மிதப்பு உண்டு, சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் இன்ஜினில் ஏற மாட்டார்.

சிரிக்காதவர் அவர் மனைவி. அவர் அந்த ரயிலில் ஒருநாளும் ஏறியதில்லை, ஏறவும் முடியாது. பாதையின் நடுவே சாலை குறுக்கிடும் இடத்தில் அவர்தான் கேட் கீப்பர். ரயில் வரும் நேரமெல்லாம் கையில் கொடியோடு நிற்க வேண்டியவர் ரயிலுக்குள் உட்கார்ந்தால் கேட்டை யார் சாத்துவது? கல்யாணத்தின்போது கணவரைவிட மூன்று வயது சின்னவர். இப்போது தலை முழுக்க நரை, இரண்டு முழங்காலிலும் வலி, கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி. புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர், தங்கமான மனிதர், ஒருநாள் கேட் வீட்டுக்கு டீ குடிக்க வந்தவர், "அம்மாவக் கூடவே வெச்சுப் பாத்துக்கறீங்க. இந்தக் காலத்துல யாரு சார் செய்யறா?" என்று டிரைவரை மனதாரப் பாராட்டினார். டிரைவர் சும்மா இருந்திருக்கலாம். சிரித்துவிட்டார்.

அந்தக் கேட் பழைய மாதிரி. சாலையைச் சாத்தினால் தண்டவாளம் திறக்கும், தண்டவாளத்தைச் சாத்தினால் சாலை திறக்கும். மறுநாள் ரயில் மேலே போக வழி விட்ட கேட்காரம்மா, அது திரும்பி வரும்போது தண்டவாளத்தைக் குறுக்கே சாத்திவிட்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊதி ஊதிப் பார்த்தும் அசையவில்லை. பயணிகள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கேட்காரம்மா மேலே பஸ்ஸில் போய்க் கீழே மட்டும் ரயிலில் வரட்டும், கொஞ்ச நாளில் ஜோடிப் பொருத்தம் சரியாகிவிடும் என்பதுதான் பெரும்பாலோர் கட்சி. கேட்டுக்கு வேறு ஆள் போடுவதாக ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்லியனுப்பினார்.

"நான் எதுக்கு வயசுல எறங்கி வரணும்?" என்றார் கேட்காரம்மா. "இந்த நரை, இந்த முட்டி வலி எல்லாம் நான் இங்க நின்னு நின்னு வாங்கினது. அத ஒரு இன்ஜின் கிட்ட திருப்பிக் குடுக்க மாட்டேன். அவரு ஏறி வரட்டும்."

பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தனியா கெழவி ஆகறது எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

டிரைவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தினம் இரண்டு வேளை இந்தக் கேட்டைக் கடந்திருக்கிறார், கை காட்டியிருக்கிறார், இது மட்டும் கண்ணில் படவே இல்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குள் போனார். கேட்காரம்மா கேட்டைத் திறந்துவிட, மிச்ச தூரத்துக்கு ஃபயர்மேன் வண்டியை ஓட்டிப் போனார், இறக்கம்தானே.

அதற்கப்புறம் டிரைவர் மேலே போகும்போது மட்டும் ஓட்டினார். மேட்டு ஸ்டேஷனில் இறங்கியதும், ரயிலில் ஏற்றிக்கொண்டு போன சைக்கிளில் ஏறிச் சாலை வழியாக, ரயிலுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தார். கூடிய வயது எதுவும் கழியாததால் மளமளவென்று மூப்பு வந்தது. முதல் வருடம் மீசை நரைத்தது. அன்று கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார், அவருக்கு அழுகை வந்தது உண்மை. மறுநாளும் இன்ஜினில் ஏறினார். அடுத்த வருடம் கடைவாய்ப் பல் இரண்டு போயின, முன்தலை வழுக்கையானது, சட்டைப்பையில் சீப்பு இருந்த இடத்துக்கு மூக்குக் கண்ணாடி வந்தது. மகன் அவரிடம் பாதிக் கூலி வாங்கலாமா என்று யோசித்தான். கேட்காரம்மா தினமும் அவருக்கு வெந்நீர் தயாராக வைத்திருந்தார்.

ஒருநாள் மாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கக் கையில் வலு இல்லாமல் டிரைவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் கேட்டை நெருங்குவதற்குள் ரயில் வரும் நேரமாகிவிட, சாலை சாத்தியிருந்தது. கேட்காரம்மா கொடியும் கையுமாக நின்றார். பார்வை தண்டவாளத்தின் மேல்.

"ரயில் வருது. கொஞ்சம் ஓரமா நில்லுங்க பெரியவரே," என்றார்.

பெரியவர் ஓரமாக நின்றார். ஃபயர்மேன் ஊதிக்கொண்டே முதுகுப்புறமாகக் கடந்து போனார், அதே கறுத்த முடியோடு. புகை கலைந்தது.

"கேட்டத் தொற," என்றார் பெரியவர். "நான்தான்."

கேட்காரம்மா திரும்பினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் கொடி கீழே விழுந்தது. இருவரில் யாருக்கும் உடனே குனிந்து எடுக்க முடியவில்லை.

"போதுங்க," என்றார் அவர். "நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க."

இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். கேட்டுக்கு வேறு ஆள் வந்தார். இப்போது வாரம் ஒருமுறை சந்தைக்கு இருவரும் ரயிலில் போய் ரயிலிலேயே திரும்புகிறார்கள். மற்ற நாட்களில் எல்லோரையும் போல அவர்களுக்கும் வயதாகிறது, சந்தை நாளில் மட்டும் ஆவதில்லை. அன்று காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் கேட்காரம்மா உட்கார, பக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டு வருவார்.